இருவழி ஒக்கும் எண்களும் கட்சால் தீவின் கணக்கும்

முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் மாறாது நிற்கும் செய்யுளைப் புலவர் மாலைமாற்று என்பர். எண்களிலும் அத்தகையன உண்டு. 252 அவற்றுள் ஒன்று. இவ்வழகு எண்ணுக்கு உரியதா, எழுதும் முறைக்கு உரியதா? நம் முன்னோர் இத்தொகையை ௨௱௫௰௨ என்று எழுதினர். பின்னிருந்து படித்தால் அது ௨௰௫௱௨ ஆகிவிடுகிறது. தொகை அதுவே, மாலைமாற்று மறைந்தது.

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கட்சாலில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. அங்குள்ள நிக்கோபாரியர் பேசும் மொழியின் அகராதியை இ. எச். மான் 1889-இல் வெளியிட்டார். தேங்காயே நாணயம்போல வழங்கிய அக்காலத்தில் அவர்கள் காய்களை இரட்டைகளாகவும் இருபது இருபதாகவும் எண்ணினர். 1964 ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையினின்று திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில அத்தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறின. அவர்களுடைய கணக்கோ பத்தின் வழியது.

252-ஐ இருபதின் வழியே எண்ணிப் பார்ப்போம்: பன்னிரண்டு இருபதும் மேலே பன்னிரண்டும். பன்னிரண்டை ஓரிலக்கமாகக் கொண்டால், இங்கும் இருபுறமும் ஒத்து நிற்கிறது! 20 முதல் 7,999 வரை இவ்விரு முறையிலும் ஒத்து நிற்பவை நான்கே: 252, 6556, 6776, 7117. 6556 என்பது பதினாறு நானூறு, ஏழு இருபது, பதினாறு ஆகும்.

இது வீண் விளையாட்டு என்பாரும் உளர். ஓரளவு உண்மையே, 251-ஐ அடிமானமாகக் கொண்டால் 252 வெறும் 11 ஆகும், இவ்வாறே எந்த எண்ணையும் ஆக்கிவிடலாம். ஆயினும் அடிமானம் மனிதர் வகுத்த வழக்கே என்னும் கருத்து எளிதில் கைவருவதன்று. நம் மாணவர் பலர் மேல்வகுப்பில் இரும எண்களைக் கண்டு மருள்வது இதனாலேயே. வீட்டில் இருபதும் கடையில் பத்துமாக எண்ணக் கற்கும் சிறுவனுக்கு அக்கருத்து இளமையிலேயே விளங்கக்கூடும்.

இருபதின் கணக்கைப் பண்படாத மக்களின் வழக்கென ஒதுக்குவது அறியாமை. மாயர் அதைக் கொண்டே காலத்தைக் கணித்தனர். பிரெஞ்சுக்காரர் இன்றும் எண்பதை ‘நான்கு இருபது’ என்கின்றனர். ஆதலின் அத்தீவுப் பள்ளிகளில் இம்முறை விழா மேடைக்குரிய பழம்பொருளாக நில்லாது, கணித வகுப்பிலேயே பத்தின் கணக்கோடு ஒருங்கு கற்பிக்கப்பட வேண்டும் என்பது எம் கருத்து. சந்தையும் நாணயமும் பத்தின் வழிச் செல்வது இதற்குத் தடையாகாது. தேங்காய்களைக் குவித்து 252-ஐ இருவகையாலும் எண்ணச் செய்தல் முதற்பாடமாகலாம். 8,000-க்கு மேற்பட்ட எண்களைத் தேடும் வேலையை மூத்த மாணவரிடம் விடலாம்.