நீங்கள் கேட்டவை: கடலைக் கொழுந்து வெளுக்கிறது... ‘கிலேட்’ இரும்பு வாங்கலாமா?

‘‘ஒரு ஏக்கரில் கடலை போட்டிருக்கிறோம். 30 நாளில் கொழுந்து வெளுத்துவிட்டது. அன்னபேதி வாங்கி மண்ணில் போட்டும் பலனில்லை. பல மடங்கு விலையுள்ள ‘கிலேட்’ இரும்பைப் போடச் சொல்கிறார் கடைக்காரர். நகையை வைத்துப் பயிர் செய்திருக்கிறோம். வாங்கலாமா?’’
- வாசகி, பல்லடம் வட்டாரம்

கடைக்காரர் சொல்வதில் பாதிதான் சரி. முதலில் இலையைப் பார்க்க வேண்டும். கொழுந்தில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால், இரும்புச்சத்துக் குறை. அடி இலையில் மஞ்சள் தொடங்கினால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. அதற்கு இரும்பு வாங்குவது வீண்.

பெரும்பாலான நிலங்களில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. சுண்ணாம்பு மண்ணில் அது துருவாக இறுகிக் கிடப்பதால் வேரால் எடுக்க முடிவதில்லை. மண்ணில் போட்ட அன்னபேதிக்கும் அதே கதிதான். தண்ணீர் தேங்கினால் மஞ்சள் இன்னும் கூடும்.

‘கிலேட்’ என்பது நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர். ஒரு வேதிப்பொருள் இரும்பைப் பல பக்கமும் கவ்விக்கொண்டு, துருவாகாமல் கரைசலிலேயே வைத்திருக்கும். நம் ரத்தத்தில் இரும்பு இருப்பதும் இப்படி ஒரு பிடிக்குள்தான்.

ஆனால், எல்லாப் பிடியும் ஒன்றல்ல. கடைகளில் அதிகம் கிடைப்பது இ.டி.டி.ஏ. வகை, இரும்பு 12%. மண்ணின் பி.ஹெச். 6.5-ஐத் தாண்டினால் இந்தப் பிடி தளர்ந்து, இரும்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு நிலத்தில் மண்ணில் இட இ.டி.டி.ஹெச்.ஏ. வகைதான் ஏற்றது. இரும்பு 6%தான், விலையும் கூடுதல்; ஆனால் பி.ஹெச். 9 வரை தாங்கும். 12 பெரிதா, 6 பெரிதா என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால், பையில் உள்ளதை எழுத்தெழுத்தாகப் படித்து வாங்க வேண்டும்.

இந்த ஒரு ஏக்கருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. இலைவழித் தெளிப்பே போதும். 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, அதன் பிறகு 50 கிராம் அன்னபேதியைச் சேர்க்க வேண்டும். எலுமிச்சை உப்பும் ஓரளவு இரும்பைக் கவ்விப் பிடிக்கும். கரைத்தவுடன் மாலை நேரத்தில் தெளித்துவிட வேண்டும். துரு நிறத்தில் வண்டல் படிந்துவிட்டால் பயனில்லை. டி.ஏ.பி. கரைசலோடு கலக்கக் கூடாது. தெளித்த இலையில் இருந்து இரும்பு புதுக்கொழுந்துக்கு அதிகம் போகாது என்பதால், 10 நாள் இடைவெளியில் 2, 3 முறை தெளிக்க வேண்டியிருக்கும்.

புல் இனப் பயிர்களின் வேர்கள் இத்தகைய கவ்வும் பொருளைத் தாங்களே சுரக்கின்றன. சீனாவின் சுண்ணாம்பு நிலங்களில் மக்காச்சோளத்துடன் சேர்த்து விதைத்த கடலை, தனியாக விதைத்ததைவிடப் பச்சையாக இருந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அடுத்த பட்டத்தில் சிறு பாத்தியில் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டின் வேர்களும் பின்னிக்கொள்ளும் அளவுக்கு வரிசைகள் நெருக்கமாக இருக்க வேண்டும்.