முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு எத்தனை ஞாயிறு?

'மனமிருந்தால் மார்க்கமுண்டு. உதவித்தொகை குறைந்தால் என்ன, படிக்கிற பிள்ளை எப்படியும் படித்துவிடும்.' கும்மிடிப்பூண்டி டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், கல்லூரி மேடையிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு எத்தனை பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்துவ ஆதிதிராவிடர் மாணவர்களில் வருமான வரம்புக்குள் வருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது 2012இல் வந்த அரசாணை 92. அதை நம்பித்தான் சிப்காட் தொழிற்பேட்டையின் கான்ட்ராக்ட் தொழிலாளிகளும், பொன்னேரி, மாதர்பாக்கம் பக்கத்து விவசாயக் கூலிகளும் பிள்ளைகளைப் பொறியியலில் சேர்த்தார்கள். 2017இல் கட்டண நிர்ணயக் குழு, தரச்சான்று இல்லாத படிப்புகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ₹50,000, நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு ₹85,000 என்று உயர்த்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில், கலந்தாய்வு ஏறக்குறைய முடிந்துவிட்ட நேரத்தில், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கும் அரசு ஒதுக்கீட்டுக் கட்டண அளவுக்குத்தான் தருவோம் என்றது மாநில அரசு. துண்டு விழுந்தது ₹35,000. அடுத்த ஆண்டு மத்திய அரசின் புதிய நெறிமுறை, நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவர்களை உதவித்தொகைத் திட்டத்திலிருந்தே வெளியே தள்ளியது.

'சிப்காட் பக்கத்திலேயே இருக்கிறது, லீவு நாளில் ஷிப்ட் போனால் கட்டிவிடலாமே' என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் கூலி ₹500 என்று வைத்துக்கொண்டால் ₹35,000க்கு எழுபது நாள். ஆண்டுக்கு ஞாயிறு ஐம்பத்திரண்டுதான். பரீட்சை, காய்ச்சல், பொங்கல், தீபாவளி எதுவும் பாராமல் எல்லா ஞாயிறும் உழைத்தாலும் ₹9,000 பாக்கி நிற்கும். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு ரூபாய்கூட எடுக்காமல் போட்ட கணக்கு இது. இரவு ஷிப்ட் போகலாம் என்றால், ரோலிங் மில்லில் விடிய விடிய நின்றுவிட்டு ஒன்பது மணி வகுப்பில் உட்கார வேண்டும். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படித்தான் இரண்டு மாதம் ஓட்டினான். அவன் சட்டைக் கையில் மிளகு தூவியது போல நெருப்புப் பொறி பட்ட ஓட்டைகள் இருந்தன. அதே ஓட்டைகள் அவன் அப்பாவின் சட்டையிலும் உண்டு. அந்தச் சட்டையிலிருந்து மகனை மீட்கத்தான் அவர் அவனைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

'வங்கிக் கடன் இருக்கிறதே?' இருக்கிறது. நான்கு லட்சம் வரை ஜாமீன் சொத்து வேண்டாம் என்பது விதி. ஆனால் பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளியிடம் சம்பளச் சீட்டு இருக்காது. மகளிர் குழுக் கடனிலோ வண்டித் தவணையிலோ ஒருமுறை தவறியிருந்தாலும் சிபில் ஸ்கோரைக் காட்டி மேலாளர் திருப்பி அனுப்புவார். வட்டி மானியத்தையும் 2018 முதல் தரச்சான்று பெற்ற கல்லூரிகளுக்கும் படிப்புகளுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். தரச்சான்று இல்லாத கல்லூரியில் யார் பிள்ளை படிக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்து வருவதுதான் என்னை அதிகம் சுடுகிற வாதம்: 'நிர்வாக ஒதுக்கீட்டில் சேருகிறவனுக்கு எதற்கு உதவித்தொகை?' பேரைக் கேட்டதும் நன்கொடை கொடுத்து இடம் வாங்கிய பணக்காரப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே நடந்தது வேறு. இடம் நிரம்பாத கல்லூரிகளின் ஆட்கள் பிளஸ் டூ முடிவு வந்த வாரமே காலனிக்கு வந்து, 'ஒரு பைசா கட்ட வேண்டாம், எல்லாம் கவர்மென்ட் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார்கள். கலந்தாய்வு என்ற ஒன்று இருப்பதையே அந்த வீடுகளில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. உதவித்தொகைக்காகவே பிள்ளைகளைச் சேர்த்துப் பணம் பார்த்த கல்லூரிகள் இருந்தன, அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் அந்தக் கல்லூரியிடம் வசூலித்திருக்க வேண்டும். வசூலித்தது பிள்ளையிடம்.

'அரசிடம் பணம் இல்லை, என்ன செய்ய?' என்பது கடைசி வாதம். இந்த உதவித்தொகையில் அன்றைய விதிப்படி, ஒரு ஐந்தாண்டுத் திட்டம் முடியும்போது இருந்த செலவு அளவை மாநிலமே தொடர்ந்து சுமக்க வேண்டும். அதற்கு மேற்பட்டதைத்தான் மத்திய அரசு தரும். பன்னிரண்டாவது திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததும் பெரும் சுமை மாநிலங்களின் தலையில் இறங்கியது. அது உண்மையான நெருக்கடிதான். ஆனால் இரண்டு அரசுகளுக்கு இடையே உள்ள பாக்கியைத் தீர்க்க வேண்டியவன் முதலாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவனா? பணமே இல்லை என்பதும் நிற்கவில்லை. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்த உதவித்தொகையில் மத்திய, மாநிலப் பங்கை 60:40 என்று மாற்றி, ஐந்தாண்டுக்கு மொத்தம் ₹59,048 கோடிக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டு முன்பே அதைச் செய்திருக்கலாம்.

இன்று மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது, மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு. ஆதார் இணைப்பில் பிசகு இருந்தால் அதுவும் நிற்கும். தொகை குறைந்தாலோ வராமல் போனாலோ பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: கல்லூரி கேட்கிற தொகை கட்டணக் குழு நிர்ணயித்ததுதானா என்று பாருங்கள். கட்டியதற்கெல்லாம் ரசீது வாங்குங்கள். திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை, யுஜிசியும் ஏஐசிடிஇயும் அதைத் தடுத்திருக்கின்றன. படிப்பை நிறுத்துவது பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

இதையெல்லாம் இரவு ஷிப்ட் போன அந்தப் பையனுக்குச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டாவது செமஸ்டர் பரீட்சைக்கு முன்பே அவன் நின்றுவிட்டான். ஒரு நாள் அவன் அம்மா மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் நான்காக மடித்த கட்டண ரசீது, அடியில் சிவப்பு மையில் 'பாக்கி 35,000'. "படிப்பு போனா போகட்டும் சார், பிளஸ் டூ மார்க் ஷீட்டையாவது வாங்கிக் குடுங்க. கம்பெனில பர்மனென்ட் ஆக்கணும்னா அதைக் கேக்கறாங்களாம்" என்றார்.