பாரமகாலும் சேர்வராயன் மலையும்

ஏற்காட்டின் சரித்திரத்தை யாத்திரிகருக்கு எடுத்துரைப்போர் பெரும்பாலும், 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொணர்ந்து நட்ட கதையிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலை மனித சஞ்சாரமற்ற வனாந்தரமாய்க் கிடந்ததோ என்று கேட்போர் எண்ணும்படி அக்கதை ஊன்றிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

துரை காப்பி நடுவதற்கு அம்மலை அவர் அதிகாரத்துள் வந்ததெப்படி? 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி தம் ராஜ்யத்தில் பாதியை இழந்த திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற பிரதேசங்களுள் சேலமும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமாகிய பாரமகாலும் அடங்கும். அவற்றை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர் அலெக்ஸாண்டர் ரீட் என்னும் படை அதிகாரி. அவருக்கு உதவியாளராக வந்தவர்களுள் ஒருவரே, பின்னாளில் சென்னை கவர்னராகிய தாமஸ் மன்றோ. வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு ஜமீன்தார்களுக்குச் சாசுவத உரிமை வழங்கிய அதே காலத்தில், இங்கே நிலத்தை அளந்து, தரம் பிரித்து, உழுபவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை உருவாயிற்று. ஆனால் சில ஆண்டுகளுக்குள் மேலிடத்தின் மனம் மாறி, நிலங்களை மிட்டாக்களாகத் துண்டாடி ஏலம் விட, அவற்றை எடுத்த மிட்டாதாரர் பலர் கிஸ்தி கட்ட இயலாது நொடித்துப்போயினர். வெள்ளையர் நிர்வாகத் திறமையை இன்றும் சிலாகிப்போர் இந்த அத்தியாயத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம்.

மலைமேலோ, காஞ்சிபுரத்திலிருந்து வந்தேறியதாகத் தம் பூர்வீகத்தைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரல்லர்), சாமையும் கேழ்வரகும் விளைவித்து, உச்சியிலுள்ள குகைக் கோயிலில் சேர்வராயனுக்கு விழா எடுத்து வாழ்ந்திருந்தனர். அவர்கள் நிலம் கணக்கில் ஏறியதும், தோட்டக்காரர்களின் வேலிகள் அதைச் சூழ்ந்ததும் காப்பிக் கதைக்குள் அடங்குவனவல்ல.

பாரமகால் என்ற பெயர் இன்று எந்த ஜில்லாவுக்கும் இல்லை. பழைய சேலம் ஜில்லாவிலிருந்து 1965-இல் தருமபுரியும், 1997-இல் நாமக்கல்லும், தருமபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரியும் பிரிந்தன. ரீட் காலத்து நிர்வாகக் கடிதங்களோ, பாரமகால் ஆவணங்கள் என்ற தலைப்பில் சென்னை அரசாங்கத்தாரால் ஆங்கிலத்தில் பல பகுதிகளாக அச்சிடப்பட்டவை. அவற்றுள் நிலமும் தீர்வையும் பற்றியவற்றையேனும் எளிய தமிழில் மலிவு விலைக்கு அரசு வெளியிட வேண்டும். அதனுடன் மலையாளி முதியோர் வாய்மொழியாகக் கூறும் வரலாற்றையும் கேட்டெழுதிச் சேர்த்து, முதற் பிரதிகளை ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும்.