கோவையில் இல்லாத குற்றம்

இங்கிலாந்தின் சோஹம் நகரில் 2002 ஓகஸ்டில் பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொலைசெய்த இயன் ஹன்ட்லி, பாடசாலையொன்றின் பராமரிப்பு ஊழியர். நியமனத்தின்போது பொலிஸ் பின்னணிச் சோதனை நடைபெறவே செய்தது. ஆனால், அவரது மற்றொரு பெயரில் மட்டுமே தேடினர். அவருக்கெதிராக ஹம்பர்சைட் பொலிஸாருக்கு முன்னர் கிடைத்த பாலியல் முறைப்பாடுகள் எவையும் குற்றத்தீர்ப்பில் முடியவில்லை, முறையாகப் பேணப்படவுமில்லை. பிச்சார்ட் விசாரணை அறிக்கை 2004 இல் இதனை அம்பலப்படுத்தியது.

குற்றத்தீர்ப்பை மட்டும் பார்க்கும் சான்றிதழில் இத்தகையோர் தூய்மையானவர்களே! நிரூபிக்கப்படாத முறைப்பாட்டைப் பேணுவது நிரபராதியின் பிழைப்பில் மண் போடும் என்ற அச்சத்தையும் நாம் புறக்கணிக்கவில்லை. எனினும், தீர்ப்பின்றியும் ஒருவரைத் தடைசெய்ய வழிவகுத்த 2006 ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகையோர் தமது தரப்பை முன்வைக்கவும் இடமளித்தது. அந்த வாய்ப்பு இருக்கும்வரை, முறைப்பாடுகளைப் பேணுவதையே நாம் ஆதரிப்போம்.