சிறு கருவிக்கும் பேணுவார் வேண்டும்

கணினியிலே தமிழ் எழுத நமக்குத் துணைநிற்பன மிகச் சிறிய செயலிகளே. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ஆக்கிய முரசு அஞ்சல், தமிழகத்தில் விசுவநாதன் 2000இல் வெளியிட்ட அழகி, தமிழா குழுவினரின் எ-கலப்பை என்பன இவ்வினத்தைச் சார்ந்தவை.

ஆக்கியதோடு வேலை முடிந்துவிடுமா? எ-கலப்பையின் முற்பதிப்புகள் கீமேன் என்னும் பிறிதொரு மென்பொருளைச் சார்ந்து நின்றன. பின்னர் அது தனித்து இயங்குமாறு புதிதாக எழுதப்பெற்றது. விண்டோஸ் மாறுந்தோறும் இவையும் திருத்தம் பெறல் வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றமை யாவரும் அறிந்ததே.

இலங்கையில் பெருவழக்குற்ற பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழெழுத்தை வைத்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மடலும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தோன்றும். அதனை ஒருங்குறிக்கு மாற்றும் சிறு செயலிகளும் பேணுவாரின்றி மறைந்தால், பாட்டனார் தட்டச்சிட்ட குடும்ப வரலாற்றைப் பேரன் படிப்பது எங்ஙனம்?

1807இல் அமைந்த கண்டி வாவி நிலைத்திருப்பது அமைத்த மன்னன் புகழால் மட்டுமன்று. வண்டல் அகற்றுவோர் உழைப்பாலும் ஆகும்.

எனவே பெற்றோரே, பழைய கோப்புகளை இன்றே ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். மாணவர்களே, செயலிகளையும் அவற்றின் புதுப்பதிப்புகளையும் ஆக்கியோரின் தளத்திலிருந்தே பெறுங்கள். பிழை கண்டால், எந்த விண்டோஸில், எதனைச் செய்தபோது நேர்ந்தது என்று அவர்களுக்குத் தெளிவாக எழுதுங்கள். நிரலெழுதக் கற்றவர், புதியதொன்றை ஆக்குமுன் இருப்பதொன்றைப் பேண முன்வருவாராயின், அதுவும் தமிழ்த்தொண்டே அன்றோ?