தரையிலிருந்து எழ முடிகிறதா?

ரேஸ் கோர்ஸில் இரண்டு சுற்று நடந்துவிட்டு, பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் முடித்து, "உடம்பு ஃபிட்டா இருக்குதுங்க" என்று சொல்லும் நண்பர்களோடு எனக்குச் சண்டை.

நானும் அப்படி இருந்தவன்தான். 52 வயதில் ஒரு விருந்தில் பாயில் உட்கார்ந்தேன். மச்சான் கை கொடுத்துத்தான் எழுந்தேன். நடை நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. வயது ஏற ஏறத் தசை குறைகிறது. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதற்கு ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டுமா? சாண்டோ சின்னப்பா தேவர் பிறந்த ஊருங்க இது! தண்டாலும் பஸ்கியும் நமக்குப் புதிதா?

சுவரில் கை ஊன்றித் தண்டால் பத்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து என்று தொடங்கினேன். மாதக்கணக்கில் பழகிய பிறகே தரையில் தண்டால். இன்று 70 வயதில் பேத்தியோடு தரையில் உட்கார்ந்து தாயம் ஆடுகிறேன். கை ஊன்றாமல் எழுகிறேன்.

"மூட்டு வலிங்க" என்பீர்கள். டாக்டரைக் கேட்டு மெதுவாகத் தொடங்குங்கள். வலியைச் சாக்காக்கிச் சோபாவிலேயே இருந்தால் கால் இன்னும் தளரும்.

இப்போதே தரையில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.