மலிவுச் சந்தாவின் டொலர் கணக்கு
“மொத்தமாகக் கொடுப்பதைவிட மாதச் சந்தா சிறு பயனருக்கு மலிவு” என்ற வாதம், வருமானமும் சந்தாவும் ஒரே நாணயத்தில் இருக்கும் ஊருக்கே பொருந்தும். அடோபி 2013இல் ஃபோட்டோஷாப், இன்டிசைன் ஆகியவற்றின் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மட்டுமென ஆக்கியது. 2012இன் சிஎஸ்6 தான் ஒருமுறை பணம் கொடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய கடைசித் தொகுப்பு. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலர்ச் சந்தா, விலைப்பட்டியல் மாறாமலே, கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை அச்சகங்களுக்கு முக்கால் மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. சிஎஸ்6 வைத்திருந்தவருக்கு அந்த ஏற்றம் இல்லை. பழசுதான், கல்யாண அழைப்பிதழுக்கு அது தாராளம். “வேண்டாதபோது நிறுத்தலாமே” என்பதும் அரைகுறைப் பதில். நிறுத்தினால், இன்டிசைன் கோப்பு சொந்தக் கணினியில் கிடந்தாலும், அதில் ஒரு திகதியை மாற்ற மறுபடி பணம் கட்ட வேண்டும்.